வெந்நீரும் தண்ணீரும் வடித்த வரலாறு



நம் பிள்ளைகளின் விளையாட்டுப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் வாள் கோணிய வீரன், ஈட்டி வளைந்த காவலன், கால் மடங்கி நிற்க முடியாத குதிரை எனச் சில நெகிழிச் சிற்றுருவங்கள் கட்டாயம் அகப்படும். பெட்டியின் அடியில் அழுந்திக் கிடந்ததாலோ, வெயிலில் நிறுத்திய மகிழுந்துக்குள் விடப்பட்டதாலோ அவை உருக்குலைந்திருக்கும். கையால் நிமிர்த்தினால் சற்று நேரத்தில் மீண்டும் வளைந்துகொள்ளும். வலிந்து நிமிர்த்தினால் ஒடிந்துவிடும். ஆகவே, பெரும்பாலான வீடுகளில் அவை சென்று சேரும் இடம் குப்பைத் தொட்டியே.

சிற்றுருவங்களைச் சேர்த்து வண்ணம் தீட்டி மகிழ்வோர் இதற்கு ஓர் எளிய வழியைக் கையாள்கின்றனர். ஒரு கிண்ணத்தில் நல்ல வெந்நீர். மற்றொரு கிண்ணத்தில் பனிக்கட்டி இட்ட தண்ணீர். வளைந்த பகுதியை வெந்நீரில் அரை நிமிடம் அமிழ்த்தினால் அது இளகும். வெளியே எடுத்து, வேண்டிய நிலைக்குத் திருத்தி, பிடி தளராமல் அப்படியே குளிர்ந்த நீரில் ஆழ்த்தினால் சில நொடிகளில் புதிய வடிவம் நிலைத்துவிடும். பசை வேண்டா, கருவி வேண்டா, செலவும் இல்லை.

வெந்நீர் இளக்குகிறது, தண்ணீர் இறுக்குகிறது. சிறுபிள்ளை விளையாட்டுப் போலத் தோன்றும் இச்செயலுக்குப் பின்னால் ஒரு பெரும் வரலாறு உண்டு. அது தொலைதூர ஆய்வுக்கூடத்தில் தொடங்கவில்லை. நாம் வாழும் இத்தீபகற்பத்தின் காடுகளில் தொடங்குகிறது. சென்னையையும் பினாங்கையும் இணைத்த வரலாறும் அதுவே. நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டிய அவ்வரலாற்றை இங்கே தொகுத்துரைக்க விழைகிறேன்.

சொல்லிலேயே பொருள் உண்டு

முதலில் சொல்லைப் பார்ப்போம். பிளாஸ்டிக் என்பதற்கு நாம் வழங்கும் சொல் நெகிழி. நெகிழ்தல் என்றால் இளகுதல், தளர்தல். மனம் நெகிழ்ந்தது என்கிறோம். கட்டு நெகிழ்ந்தது என்கிறோம். இளகி, இணங்கி, வடிவம் கொள்ளும் பொருள் நெகிழி. கிரேக்க மொழியில் வேர்கொண்ட பிளாஸ்டிக் என்னும் சொல்லும் வடிவமைக்கத் தக்கது என்ற பொருளையே தருகிறது. வெந்நீர்க் கிண்ணத்தின் முன் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு இச்சொல்லின் பொருளை அகராதி காட்டி விளக்க வேண்டியதில்லை, கண்ணெதிரே கண்டுகொள்வான்.

சூடாக்கி வடிவமைக்கும் கலை உலகுக்குப் புதிதன்று. மாட்டுக் கொம்பையும் ஆமையோட்டையும் அரக்கையும் இளக்கிப் பொருள் செய்யும் கைவினைஞர் பல நாடுகளிலும் இருந்தனர். அரக்கு வளையல்களும் அவ்வகையே. ஆனால் வெறும் வெந்நீரில் மாவுபோல் இளகி, எந்த வடிவத்துக்கும் இணங்கி, குளிர்ந்ததும் மரக்கட்டைபோல் இறுகும் ஒரு பொருள் மலாயாக் காட்டில் இருந்தது. மலாய் மக்கள் அதனைக் கெத்தா பெர்ச்சா என்றனர். கெத்தா என்றால் மரப்பால், பிசின். நம் தோட்டப்புற முன்னோர் ரப்பரைக் 'கித்தா' என்றே வழங்கினர். கித்தா மரம், கித்தாப் பால் என்று முதியோர் பேசக் கேட்டிருப்பீர்கள். அக்கித்தாவும் இக்கெத்தாவும் ஒரே மலாய்ச் சொல்தான்.

பாராங் பிடியிலிருந்து இலண்டன் வரை

பெர்ச்சாவைத் தரும் மரங்களுள் சிறந்ததை மலாய் மொழியில் தாபான் என்பர். தாவரவியலார் வழங்கும் பெயர் பலாக்கியம் கட்டா. நம் இலுப்பை மரமும் சப்போட்டா மரமும் சார்ந்த அதே குடும்பத்தைச் சேர்ந்தது. மலாய்க்காரரும் பூர்வகுடி மக்களும் அதன் பிசினை வெந்நீரில் இளக்கிப் பாராங் கத்திக்குப் பிடியும் குதிரைச் சவுக்கும் செய்து வந்தனர்.

சிங்கப்பூரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அறுவை மருத்துவராகப் பணியாற்றிய வில்லியம் மாண்ட்கோமரி என்பவர் இதைக் கண்டார். 1842-ஆம் ஆண்டில் ஒரு மலாய்க் காட்டுத் தொழிலாளியின் கையிலிருந்த பாராங் பிடி அவர் கருத்தை ஈர்த்தது. எதனால் செய்தது என்று வினவினார். வெந்நீரில் போட்டால் இளகும், வேண்டியவாறு வடிக்கலாம், ஆறினால் இறுகும் என்ற விடை கிடைத்தது. வெப்ப நாட்டில் விரைவில் கெட்டுப்போகும் ரப்பருக்கு மாற்றாக மருத்துவக் கருவிகள் செய்ய இது உதவும் என்று எண்ணிய அவர், 1843-இல் அதன் மாதிரிகளை அனுப்பிவைத்தார். இலண்டன் கலைக்கழகம் அவருக்குப் பதக்கம் அளித்துச் சிறப்பித்தது. அதே ஆண்டில் சிங்கப்பூர் வணிகரும் மருத்துவருமான ஜோசே டி அல்மெய்டாவும் இலண்டன் அரச ஆசியக் கழகத்துக்கு மாதிரிகளைக் கொண்டு சென்றார்.

இவ்விருவர் பெயரும் நூல்களில் நிலைத்துவிட்டன. பாராங்கைக் கையில் வைத்திருந்து விடை சொன்னவர் பெயர் மட்டும் எங்கும் இல்லை. வரலாற்றுப் பாடம் நடத்தும்போது நாம் ஒரு கணம் நின்று எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் இது. 'கண்டுபிடித்தார்' என்னும் சொல்லை எவருக்கு வழங்குவது என்ற வினாவை மாணவர்முன் வைக்கலாம் அல்லவா?

வடிவம் கொண்ட ஆயிரம் பொருள்கள்

1845-இல் இலண்டனில் கட்டா பெர்ச்சா கம்பெனி என்ற பெயரிலேயே ஒரு நிறுவனம் தோன்றியது. சில ஆண்டுகளுக்குள் காலணி அடி, நீர்க்குழாய், பேச்சுக் குழாய், மைக்கூடு, படச்சட்டம், சுவர் ஒப்பனை, பொம்மை எனப் பெர்ச்சாவால் ஆகாத பொருளே இல்லை என்னும் நிலை உருவாயிற்று. 1851-இல் இலண்டனில் நடைபெற்ற உலகப் பெருங்கண்காட்சியிலும் அவை இடம்பெற்றன. மருத்துவர்கள் பெர்ச்சாத் தகட்டை வெந்நீரில் இளக்கி, முறிந்த கையின் மேல் படியவைத்து, தண்ணீரால் இறுகச் செய்து எலும்பைத் தாங்கும் பட்டையாகப் பயன்படுத்தினர்.

ஸ்காட்லாந்தில் 1848-ஆம் ஆண்டளவில் பெர்ச்சாவால் ஆன கோல்ஃப் பந்து வந்தது. அதுவரை தோலுறைக்குள் இறகுகளைத் திணித்துச் செய்த விலைமிக்க பந்தே வழக்கில் இருந்தது. புதிய பந்தைச் செய்வது எளிது: பிசினை வெந்நீரில் இளக்கு, கைக்குள் உருட்டு, குளிர்ந்த நீரில் போடு. அடிபட்டுச் சிதைந்தால் மீண்டும் வெந்நீர், மீண்டும் உருட்டல், மீண்டும் தண்ணீர். வளைந்த வாளை நிமிர்த்தும் இன்றைய முறை, எழுத்துக்கு எழுத்து, அன்றைய இம்முறையே.

கடலடியில் வந்த தந்தி

பெர்ச்சாவின் பெரும்பணி இனித்தான் வருகிறது. மின்சாரத்தை அது கசியவிடாது என்பதை 1840-களின் இறுதியில் ஜெர்மனியில் வெர்னர் சீமன்சும் இங்கிலாந்தில் மைக்கேல் ஃபாரடேயும் கண்டனர். கடல்நீர் அதனை அரிப்பதுமில்லை. காற்றும் வெயிலும் பட்டால் நாளடைவில் நொறுங்கும். கடலின் இருளிலும் குளிரிலும் பல்லாண்டுகள் கெடாமல் இருக்கும். தந்திக் கம்பிக்கு இதைவிடப் பொருத்தமான மேலுறை ஏது? இளகிய பெர்ச்சாவைச் செப்புக் கம்பியின் மேல் பூசி, தண்ணீர்த் தொட்டியின் வழியே இழுத்து இறுகச் செய்தனர். 1851-இல் இங்கிலாந்தும் பிரான்சும் கடலடிக் கம்பியால் இணைந்தன. 1866-இல் அட்லாண்டிக் பெருங்கடலின் குறுக்கே நிலையான இணைப்பு ஏற்பட்டது. 1870-இல் கடல்வழித் தந்தி பம்பாயை எட்டியது.

அதன்பின் நம் பக்கம் திரும்பியது. 1870-71-இல் சென்னையிலிருந்து வங்கக் கடலைக் கடந்து பினாங்குக்கும், பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்கும் கடலடிக் கம்பி இடப்பட்டது. தமிழகக் கரையையும் மலாயாக் கரையையும் இணைத்த முதல் கம்பி அது. அதற்குமுன் ஒரு செய்தி கடிதமாகக் கப்பலேறி நாள்கணக்கில் மிதந்து வரவேண்டும். அதன்பின் அதே நாளில் வந்து சேர முடிந்தது.

அந்நாளில் இன்றைய செபராங் பிறையில் கரும்புத் தோட்டங்கள் செழித்திருந்தன. அவற்றில் உழைத்தோருள் பெரும்பகுதியினர் ஒப்பந்தக் கூலிகளாக நாகப்பட்டினம் வழியே கப்பலேறி வந்த தமிழர். தந்திக் கட்டணம் அவர்கள் கூலிக்கு எட்டாதது. தோட்ட முதலாளிகளும் வணிகர்களும் அரசு அலுவலகங்களுமே அக்கம்பியை ஆண்டனர். சர்க்கரை விலையும் கப்பல் வரவும் அதன்வழியே பேசப்பட்டன. ஏழை வீட்டுக்குத் தந்தி வந்தது பிற்காலத்தில். அதுவும் பெரும்பாலும் சாவுச் செய்தியாக. 'தந்தி வந்திருக்கிறது' என்றாலே வீடு அழத் தொடங்கிய காலத்தை முதியோர் இன்றும் நினைவுகூர்வர். அந்தத் துயரச் செய்திகளில் பலவும் கடலடியில் பெர்ச்சா உறைக்குள் பயணம் செய்து வந்தவையே.

வீழ்ந்த மரங்கள்

இத்தனை ஆயிரம் மைல் கம்பிக்கு உறை எங்கிருந்து வந்தது? ரப்பர் மரத்தை நாம் அறிவோம். பட்டையைச் சீவினால் பால் வடியும், மரம் வாழும், நாளை மீண்டும் வெட்டலாம். தாபான் மரம் அப்படிப்பட்டதன்று. அதன் பால் தொடர்ச்சியான குழாய்களில் ஓடாமல் தனித்தனிப் பைகளில் அடைபட்டிருக்கிறது; வெளிவந்ததும் விரைவில் உறைந்தும் விடுகிறது. ஆகவே, மரத்தையே வெட்டிச் சாய்த்து, அடிமரத்தில் வளையம் வளையமாகப் பட்டையைக் கீறி, ஊறும் பாலைச் சேர்த்தனர். பல பத்தாண்டுகள் வளர்ந்த ஒரு மரம் தந்தது பெரும்பாலும் ஒரு கிலோவுக்கும் குறைவான பிசினே.

வாங்குவோர் பெருகப் பெருகக் காடு குறைந்தது. ஜொகூரின் தெமெங்கோங் இப்ராகிம் இவ்வணிகத்தால் செல்வமும் செல்வாக்கும் பெற்றார். காட்டுக்குள் சென்று மரத்தைத் தேடி வீழ்த்திய பூர்வகுடி மக்களுக்குக் கிடைத்ததோ சிறு பங்கு. சிங்கப்பூர்த் தீவின் காடுகளில் 1850-களிலேயே தாபான் ஏறத்தாழ அற்றுப்போயிற்று. வேட்டை தீபகற்பத்தின் மற்றப் பகுதிகளுக்கும் சுமத்திராவுக்கும் போர்னியோவுக்கும் பரவியது. இலட்சக்கணக்கான மரங்கள் வீழ்ந்தன. நூற்றாண்டின் இறுதிக்குள் தேர்ந்த பெர்ச்சா கிடைப்பதே அரிதாயிற்று.

மரத்தைக் கொல்லாமல் பிசின் எடுக்க வழி தேடிய முயற்சியும் நடந்தது. மேற்குச் சாவகத்தில் சிப்பெத்திர் என்னுமிடத்தில் டச்சுக்காரர் 1885-இல் தாபான் தோட்டம் அமைத்தனர். பறித்த இலைகளை அரைத்து அங்கே பெர்ச்சா பிரித்தெடுக்கப்பட்டது. அத்தோட்டத்தின் பெயர் பொறித்த பெர்ச்சாப் பலகைகள் அண்மைக் காலத்தில் பிரிட்டன், பிரான்சு முதலிய நாடுகளின் கடற்கரைகளில் ஒதுங்கி மக்களை வியப்பில் ஆழ்த்தின. 1917-இல் மூழ்கடிக்கப்பட்ட ஜப்பானியக் கப்பலான மியாசாகி மாருவின் சரக்காக அவை இருக்கலாம் என்று கருதப்படுகிறது. நூறாண்டு கடலில் கிடந்தும் எழுத்து அழியவில்லை.

உடன்பிறப்பான இரு பால்கள்

அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு. ரப்பரும் பெர்ச்சாவும் ஒரே அடிப்படை அலகால் ஆனவை. ஐசோப்ரீன் என்னும் சிறு மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்து உருவானவையே இரண்டும். வேறுபாடு கோத்த விதத்தில் இருக்கிறது. பெர்ச்சாவின் சங்கிலிகள் நேராக அமைந்து, விறகுக் கட்டுப்போல் நெருங்கி அடுக்கிக்கொள்கின்றன. அதனால் அது அறை வெப்பத்தில் கடினமாக இருக்கிறது. ஏறத்தாழ 60 பாகை செல்சியசில் அவ்வடுக்கு குலைந்து இளகுகிறது. ஆறியதும் மீண்டும் அடுக்கிக்கொள்கிறது. ரப்பரின் சங்கிலிகளோ கோணலாக அமைந்து சுருண்டு கிடப்பதால் இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும்.

பிள்ளைகளின் சிற்றுருவங்கள் பலவும் பிவிசி என்னும் நெகிழியால் ஆனவை. அதன் வேதியியல் வேறு. ஆயினும் அடிப்படைக் கருத்து ஒன்றே. குளிர்ந்த நிலையில் அசையாது கிடக்கும் நீண்ட சங்கிலிகள் சூடேறியதும் அசைந்து இடம் மாறுகின்றன. குளிர்ந்ததும் நின்ற இடத்திலேயே நிலைகொள்கின்றன. வார்ப்பச்சில் பெற்ற முதல் வடிவத்தின் இழுவிசை உள்ளே எஞ்சியிருப்பதால், சில உருவங்கள் வெந்நீரில் இட்டவுடன் தாமாகவே பழைய நிலைக்குத் திரும்புவதையும் காணலாம். உடைந்த தட்டுகளான மெலமைன், பேக்கலைட் போன்றவை ஒருமுறை இறுகியபின் எந்தச் சூட்டுக்கும் இளகா. அவற்றின் சங்கிலிகள் குறுக்கும் நெடுக்கும் பிணைந்துவிட்டவை.

பின்வந்த நெகிழி

1933-இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவன ஆய்வுக்கூடத்தில் ஃபாசெட், கிப்சன் என்னும் இருவர் பாலித்தீனைக் கண்டனர். மின்காப்பில் அது பெர்ச்சாவை விஞ்சியது. எந்தக் காட்டையும் நம்பியிருக்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கடலடிக் கம்பிகளின் உறை பாலித்தீன் ஆயிற்று. தாபான் மரத்துக்கு ஒருவகையில் விடுதலை கிடைத்தது. 2010-களின் நடுவில் பினாங்கையும் சென்னையையும் கொழும்பையும் இணைத்து இடப்பட்ட 'பே ஆஃப் பெங்கால் கேட்வே' ஒளியிழை வடமும் பாலித்தீன் போர்த்தியதே. நாம் தமிழகத்து உறவினருடன் முகம் பார்த்துப் பேசும் இக்காலத்திலும் வழி அதே வங்கக் கடல்தான். உறை மட்டும் மாறியிருக்கிறது.

பொம்மைகளும் மாறின. ஈயத்தால் வார்த்த போர்வீரர்களின் இடத்தை 1950-களிலும் 1960-களிலும் நெகிழி வீரர்கள் பிடித்தனர். ஈயம் குழந்தைகளுக்கு நஞ்சு என்ற விழிப்புணர்வும் இதற்குத் துணைநின்றது. நம் புக்கிட் தெங்காவுக்கு அண்மையில் உள்ள பிறைத் தொழிற்பேட்டையிலேயே மேட்டல் நிறுவனத்தின் ஆலை 'ஹாட் வீல்ஸ்' சிற்றுந்துகளைச் செய்து உலகெங்கும் அனுப்பிவருகிறது. கரும்பும் பின்னர் ரப்பரும் விளைந்த மண்ணில் இன்று உலோகமும் நெகிழியும் பொம்மைகளாக வார்க்கப்படுகின்றன. அப்பேட்டைகளின் ஆலைகளில் நம் பெற்றோர் பலர் முறைவேலை பார்த்துவருவதை ஆசிரியர்கள் அறிவீர்கள்.

இங்கேதான் கதையின் மறுபக்கம். பெர்ச்சாவின் துன்பம், மரம் வளரும் விரைவைவிட மனிதன் வெட்டும் விரைவு மிகுந்ததால் வந்தது. நெகிழியின் துன்பமோ, அது மக்கும் விரைவைவிட நாம் எறியும் விரைவு மிகுந்ததால் வருகிறது. 2018-இல் சீனா நெகிழிக் கழிவு இறக்குமதியைத் தடுத்தபின் செல்வ நாடுகளின் குப்பை மலேசியத் துறைமுகங்களை நாடி வந்தது. 2020 சனவரியில் பட்டர்வொர்த்துக்கு வந்த அந்நாளைய சுற்றுச்சூழல் அமைச்சர், 150 கொள்கலன் கழிவு வந்த நாடுகளுக்கே திருப்பி அனுப்பப்பட்டதாக அறிவித்தார். முன்பு நம் காட்டுப் பிசின் மேலை நாடுகளுக்குப் போயிற்று. இப்போது அவர்கள் எறிந்த நெகிழி நம் வாசலுக்கு வருகிறது.

வீட்டிலும் வகுப்பிலும்

ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் என் வேண்டுகோள் எளியது. வளைந்த பொம்மையை எறியும்முன் இரண்டு கிண்ணங்களை எடுத்து வையுங்கள். வெந்நீரை ஊற்றுவதும் அதிலிருந்து பொருளை எடுப்பதும் பெரியவர்கள் பணியாகவே இருக்கட்டும். கைக்கு இடுக்கி வேண்டும். அடுப்பிலோ நெருப்பிலோ நேரடியாகக் காட்டுதல் கூடவே கூடாது. நெகிழி கருகினால் நச்சுப்புகை எழும். இளகிய உருவத்தைச் சூடு தணிந்து கைபொறுக்கும் நிலையில் நிமிர்த்திக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தும் வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள். கடினமான நெகிழியால் ஆன ஒட்டுப்பொம்மைகள் வெந்நீருக்கு இணங்கமாட்டா. அவற்றை வலிந்து வளைக்க வேண்டா. ஏன் இணங்கவில்லை என்ற வினாவே நல்ல பாடமாகும்.

நீரில் வடிவம் இறுகும் அந்தச் சில நொடிகளில் தாபான் மரத்தின் கதையைச் சொல்லுங்கள். பாராங் பிடியைச் செய்த பெயரறியாத மனிதரைச் சொல்லுங்கள். சென்னையிலிருந்து பினாங்குக்கு வந்த கம்பியைச் சொல்லுங்கள். பல் மருத்துவரிடம் வேர்ச்சிகிச்சை செய்துகொண்ட தாத்தாவோ பாட்டியோ வீட்டில் இருந்தால், அவர்கள் பல்லின் வேரை நிரப்பியிருப்பதும் பெரும்பாலும் இதே பெர்ச்சாதான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிள்ளைகள் வியந்து போவார்கள்.

வரலாறு என்றால் மன்னர் பெயரும் போர் நடந்த ஆண்டும் மட்டுமே என்று மாணவர்கள் எண்ணுகின்றனர். தங்கள் உள்ளங்கையில் அடங்கும் பொம்மைக்கும் வரலாறு உண்டு, அதில் தங்கள் ஊருக்கும் பங்குண்டு என்று உணரும் பிள்ளை, பொருளை எளிதில் எறியமாட்டான். தாபான் மரத்தைப் பற்றி நம் பள்ளிப்பிள்ளைகளுள் ஒருவராவது வீட்டுக்குச் சென்று பேசினால் இக்கட்டுரையின் நோக்கம் நிறைவேறியதாகும்.